கொக்குக்குஞ்சு பறக்கிற வரைக்கும்

சங்கரன்கோவிலிலிருந்து ராயகிரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் விவசாயி. அந்தம்மா காலேஜில் விலங்கியல் நடத்துகிறவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"ஏட்டி, கூட்டத்துல அத்தனை அதிகாரிங்க முன்னால கொக்குக்காக அழுதியாமே?"

"அழலங்க, கொஞ்சம் சத்தமா பேசுனேன், அவ்வளவுதான். நாலு வருசமா பாத்ததையெல்லாம் படம் போட்டு விளக்குனேன். ஒருத்தரும் நிமிந்து பாக்கல."

"பெறவு?"

"நம்ம குளத்துக் கருவேல மரம் பூரா இப்ப குஞ்சா இருக்கு, தூர் வாருததுக்காக இப்பவே மரத்த வெட்டுனா அத்தனையும் செத்துப் போகும்னேன். பெரிய அதிகாரி அப்பதான் நிமிந்தாரு. குஞ்சு எப்ப பறக்கும்னு கேட்டாரு. சித்திரை கடைசிக்குள்ளன்னேன். அதுவரைக்கும் மரத்துல கை வைக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டாரு."

"அப்ப தூர் வாருதது?"

"வைகாசியிலதான். மழைக்கு முன்ன முடிஞ்சிரும். நம்ம வயலுக்கும் அந்தத் தண்ணிதான, கோவமா இருக்கா?"

அதற்குள் அவருடைய போன் அடித்தது.

"சொல்லுங்க அண்ணாச்சி. ஆமா, வைகாசிக்குத் தள்ளிட்டாங்க. யாரு நிறுத்துனதா? வேற யாரு, எம் பொஞ்சாதிதான். பக்கத்துலதான் இருக்கா, பேசுதீகளா?"