செவ்வாக்கிழமையில ஞாயித்துக்கிழமை உடுப்பு

இல்ல தம்பி, இந்த உடுப்பப் பாத்துட்டுக் கேக்காத, சர்ச்சுக்கு இல்ல. செவ்வாக்கிழமை மத்தியானம் எந்த சர்ச்சு தொறந்திருக்கும்? ஆஸ்பத்திரிக்குத்தான். வண்டி கூப்பிடறப்பவே போன்ல போட்டிருக்கேனே. முன்வாசல் வேணாம், அவசரப் பிரிவு வாசல்ல விடு.

யாரையும் பாக்கப் போகல. எனக்குத்தான். காலைல இருந்து நெஞ்ச அடைக்குது. அட, நீ எதுக்கு இப்டி வெளிறிப்போற? ரோட்டப் பாரு. எனக்கு இருக்கற பயம் போதும், நீயும் பயந்தா வண்டிய யாரு ஓட்டறது?

ஆம்புலன்சா? கூப்பிடலாம்தான். இந்த நாட்டுல அது வந்து வாசல்ல நின்னாலே என் ரெண்டு மாசச் சம்பளம் போச்சு. பள்ளிக்கூட கேன்டீன்ல தட்டு கழுவுறவளுக்கு எவன் குடுக்கறான் இன்சூரன்சு? பிரஷர் மாத்திரையே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் முழுங்கறேன். டாக்டர் கேட்டா தெனமும்னு சொல்லணும், மறந்துடக் கூடாது.

மொதல்ல நேத்து தின்ன மீன்தான்னு நெனச்சேன். பொரிச்ச கெளுத்தி, காரம் கொஞ்சம் தூக்கல். சோடா குடிச்சுப் பாத்தேன், ஏப்பம் வரல. வேர்த்துக் கொட்டுது. சரி, இது நெஞ்சுதான்னு தெரிஞ்சுபோச்சு. உடனே போய்க் குளிச்சேன். சிரிக்காத. குளிச்சு, இந்த நீலக் கோட்டும் பாவாடையும் இஸ்திரி போட்டு, தலைக்கு வைக்கிற பொய்முடியச் சீவி, காலுறை மாட்டி... காலுறைக்குக் குனிஞ்சப்பதான் கண்ண இருட்டிட்டு வந்துச்சு. கட்டில்ல சித்த நேரம் உக்காந்துட்டு இன்னொரு காலையும் மாட்டினேன்.

எதுக்கா? நீ வெள்ளக்காரப் புள்ள. அரைக்கால் சட்டையோட போனாலும் உன்ன சார்னு கூப்பிட்டுப் படுக்க வைப்பாங்க. எங்க கறுப்பு நெறத்துல அப்டிப் போய் நின்னா, போதை மாத்திரைக்கு அலையற கூட்டம்னு மேலயும் கீழயும் பாப்பாங்க. எங்க ஆளுங்க நெறையப் பேரு இப்டித்தான், ஆஸ்பத்திரின்னா நல்ல உடுப்பு எடுத்துடுவோம்.

என் தங்கச்சி வெர்லீன் கோழி வெட்டற ஆலையில வேலைக்கு இருந்தா. ஒருநாள் வேலை முடிஞ்சு நேரா என் வீட்டுக்கு வந்து, இதே மாதிரி நெஞ்சு வலிக்குதுன்னா. ரப்பர் பூட்சு, தலைல வலை, மேலெல்லாம் கோழி நாத்தம். அப்டியே கூட்டிட்டுப் போனேன். நாலு மணி நேரம் உக்கார வச்சாங்க. டாக்டர் கதவுகிட்டயே நின்னுட்டு வாயுன்னான். ஒரு மாத்திரையக் குடுத்து அனுப்பிட்டான். திரும்பி வந்து என் வீட்டுப் படி ஏறல தம்பி அவ, அதுக்குள்ள உசிரு போயிடுச்சு. நாப்பத்தாறு வயசு.

ஒரு உதவி பண்றியா? என்கூட உள்ள பேர் பதியற மேஜை வரைக்கும் வா. இவங்களுக்கு நெஞ்சு வலி, சீக்கிரம் பாருங்கன்னு நீ சொல்லு. நான் சொல்றத விட நீ சொன்னா அவங்க காதுல ஏறும். வண்டிய அங்க நிறுத்தக் கூடாதா? ரெண்டே நிமிஷம்ப்பா. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன், தனியாப் போக பயமா இருக்கு.

வந்துட்டமா? கதவ நீயே தொறந்து விடு, இந்தக் கை தூக்க வரமாட்டேங்குது. மெதுவா, மெதுவா... இல்ல, அழல. தங்கச்சி நெனப்பு. அன்னிக்கு அவ கேட்டா தம்பி. அக்கா, அஞ்சே நிமிஷம் குடு, குளிச்சு உடுப்பு மாத்திட்டு வந்துடறேன்னு. கல்யாணத்துக்காடி போறோம்னு நான்தான் திட்டி, கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன்.