ஒரு மணி வரை எழாத சேவை

எனக்கு நாற்காலியில் நெடுநேரம் உட்கார வராது. கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். இந்த விசாரணை அறையில் நடக்க இடமில்லை. அது ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயத்தால் ஆடுவதன்று, பதினாறு ஆண்டுகளாக அது அப்படித்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை என்ற ஒன்றின்மேல் எனக்குள்ள மதிப்பால்தான் இதெல்லாம் நடந்தது.

உறுப்பு ஒதுக்கீட்டு மையத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இறந்தவர் ஒருவரின் கல்லீரல் கிடைத்தால், காத்திருப்போரில் அது யாருக்கு என்று சொல்வது எங்கள் தரவுத்தளம். நோயின் தீவிரத்தைப் பார்க்கும். காத்திருந்த நாள்களைப் பார்க்கும். ஏழையை அது இளக்காரமாய்ப் பார்க்காது. அதிகாரியைக் கண்டால் எழுந்து நிற்காது. பட்டியல் மனிதன் கையில் இருந்தவரை கீழே இருந்தவன் கீழேயே செத்தான், எந்திரத்தின் கைக்குப் போன பிறகுதான் அவன் பெயரும் மேலே ஏறியது என்று எத்தனையோ கூட்டங்களில் முழங்கியிருக்கிறேன். அதில் ஒரு சொல்லைக்கூட இன்றும் மாற்ற மாட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குக் கல்லீரல் ஒன்று வருவதாகச் செய்தி வந்தது. பட்டியலைத் திறந்தேன். முந்தின மாலை அச்சிட்ட தாளில் முதல் பெயர் ஒரு தையற்காரியினுடையது. நாற்பத்தாறு வயது, பதினான்கு மாதக் காத்திருப்பு. திரையிலோ அவள் இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருந்தாள். முதலிடத்தில், முந்தின இரவு சேர்க்கப்பட்ட இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய தகப்பன் பெயருக்குப் பின்னால் நீளமான பதவி ஒன்று இருந்தது.

நீங்களே சொல்லுங்கள். ஊசியும் நூலுமாய்த் தேய்ந்த ஒருத்தி பதினான்கு மாதம் ஏறிய படிகளைப் பதவிக்காரன் மகள் ஒரே இரவில் எப்படித் தாண்டுகிறாள்? எந்திரம் நேர்மையானதுதான். ஆனால் அதற்குள் எண்ணைத் தட்டுவது மனிதவிரல் அல்லவா? எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது.

எங்களிடம் ஒரு விதி உண்டு. தரவுத்தளம் மூன்று மணி நேரம் எழாவிட்டால், கடைசியாக அச்சிட்ட தாளே செல்லும். அதுவரை கையால் எவரும் எதையும் மாற்றக் கூடாது. சிபாரிசுக்கு இடம் கொடாத அந்த விதியைப் போராடிப் பெற்றவர்களில் நானும் ஒருவன்.

இனி, துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேமிப்பு வட்டில் வெற்றுக் கோப்பு ஒன்றைப் போட்டு வைப்பது எங்கள் தொழில் வழக்கம். உள்ளே ஒன்றும் இராது; இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப்போல என்று என் எதிர்மேசைக்காரர் ஒருமுறை சொல்லப்போய், அதற்குத் துண்டு என்றே பெயராகிவிட்டது. வட்டு நிரம்பி, எழுத இடமில்லாமல் தரவுத்தளம் படுத்துவிட்டால், துண்டை உருவினால் போதும். இடம் கிடைக்கும்; தரவுத்தளச் சேவை எழுந்துவிடும். ஒரே கட்டளை, ஒரு மூச்சு நேரம்.

பத்து மணிக்கு நான் அதேபோல் இன்னும் ஐந்து துண்டுகளை விரித்தேன். வட்டு நிரம்பியது. சேவை நின்றது.

அதன்பின் பழுது பார்த்தேன். முறைப்படியே பார்த்தேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். அமைப்புக் கோப்பை வரிவரியாகப் படித்தேன். அனுமதிகளைச் சரிபார்த்தேன். மிஞ்சிக் கிடந்த பூட்டுக் கோப்பை நீக்கினேன். ஏழுமுறை சேவையைக் கிளப்பினேன், ஏழுமுறையும் விழுந்தது. இடமில்லை என்ற வரி பிழைப்பதிவின் அடியில் ஏழுமுறை வந்தது. அந்த வரியை மட்டும் திரைக்குக் கீழே தள்ளியே வைத்திருந்தேன்.

பத்தே முக்காலுக்கு எதிர்மேசைக்காரர் என் பின்னால் வந்து நின்றார்.

"என்னண்ணே, எழுந்திரிக்க மாட்டேங்குதா?"

"மாட்டேங்குது."

"துண்ட உருவிப் பாத்தீங்களா?"

"அத மொதல்லயே உருவியாச்சுப்பா."

"அப்ப இது நம்ம மேனேஜர் சாதி. எழுப்புறதுக்குள்ள மதியச் சாப்பாடு வந்துரும்."

சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் சொன்னால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவருடைய பதினாறு ஆண்டு நம்பிக்கை.

நடந்தேன். சர்வர் அறைக் கதவிலிருந்து சன்னல்வரை முப்பத்தொரு அடி. போனேன்; வந்தேன். உட்கார்ந்தேன், விசையைத் தட்டினேன், எழுந்தேன். கடிகார முள்ளைப் பிடித்துத் தள்ளலாமா என்றிருந்தது. பதினொன்றரைக்கு மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் அம்மாள் தொலைபேசியில் வந்தார்.

"சார், பெட்டி வந்துருச்சு. தியேட்டர் ரெடி. யார உள்ள கொண்டு போறதுன்னு மட்டும் சொல்லுங்க."

"பாத்துக்கிட்டே இருக்கேம்மா."

"இதையேதான் பத்தரைக்கும் சொன்னீங்க. அந்தப் பொண்ணோட அப்பா வராந்தாவுல என் கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் என்னத்த சொல்ல?"

நிற்கட்டும் என்று நினைத்தேன். எத்தனை வராந்தாக்களில் எத்தனை பேரைக் கால் கடுக்க நிற்க வைத்த கூட்டம் அது! ஒரு பகல், ஒரே ஒரு பகல், வரிசை என்றால் என்னவென்று அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

பன்னிரண்டே காலுக்கு என் கைப்பேசி அடித்தது. தையற்காரி.

"தம்பி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா."

"என்னைய வெறும் வயித்துல இருக்கச் சொல்லியிருக்காங்கடா. ஒங்க ஆபீஸ்லதான் ஏதோ கோளாறாமே. ஒனக்கு வேலை கீல போயிராதுல்ல?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நீ பேசாமப் படு."

ஆம், என் அக்காதான். பெற்றவர்கள் போன பிறகு தையல் மிதித்து என்னைப் படிக்க வைத்தவள். இதற்கும் அதற்கும் தொடர்பில்லாததால் முன்பே சொல்லவில்லை. முதல் பெயர் யாருடையதாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன்.

ஒரு மணி ஆனது. தாள் செல்லுபடியாகி, அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்று ஐந்துக்குத் துண்டுகளை உருவினேன். சேவை ஒரு முனகலும் இல்லாமல் எழுந்தது. அந்தப் பெண் வியாழக்கிழமை இறந்தாள்.

அக்கா தேறிவருகிறாள். அந்தப் பொண்ணு என்ன ஆச்சு என்று கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மருந்தின் அசதியாக இருக்கும்.

அந்தப் பெண்ணின் மருத்துவக் குறிப்பை நான் திறந்தேனா என்று கேட்டீர்கள். திறந்தேன். யார், எப்போது திறந்தார் என்பதும் தரவுத்தளத்தில் பதிவாகும், மறைக்க முடியாது. காமாலை முற்றி நினைவிழந்தவள், இரண்டு நாள் தாங்குவது அரிது என்று மூன்று மருத்துவர்கள் தனித்தனியே எழுதியிருந்தார்கள். பக்கத்தில் அக்காவின் குறிப்பும் இருந்தது: இன்னும் ஆறு மாதம் காத்திருக்கலாம். சிபாரிசின் நிழல் எங்கேயாவது தெரிகிறதா என்று மூன்று முறை தேடினேன். இல்லை. படித்து முடித்தபோது மணி ஒன்பது நாற்பத்தேழு. சிபாரிசு இருக்கிறது என்று முடிவு செய்ய எனக்கு மேலும் பதின்மூன்று நிமிடங்கள் ஆயின.