இரண்டு துறைகளும் ஒரு மூக்கு மருந்தும்

எனக்குச் சண்டை என்றாலே ஆகாது, ஐயா. வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட மனைவியிடமே விட்டுவிடுவேன். இந்தக் குணத்துக்காகத்தான் தேசியப் போதைப்பொருள் கொள்கை ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கு என்னை இயக்குநராகப் போட்டார்கள். பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

எங்களிடம் போலீஸ் கிடையாது, டாக்டர் கிடையாது. அவர்கள் இருவரும் முறைத்துக்கொள்ளும்போது நடுவில் உட்காருவதுதான் எங்கள் தொழில்.

போதை அளவு மீறி மூச்சு அடங்கப் போகிறவனின் மூக்கில் அடித்தால் எழுப்பிவிடும் மருந்து ஒன்று வந்தது. ரோந்து வண்டிகளில் வைப்பதாகத் திட்டம். பெட்டிகள் எங்கள் கிடங்கில் வந்து இறங்கிவிட்டன.

"இதுக்குப் போய் மீட்டிங் எதுக்குண்ணே? நாங்களே பேசி முடிச்சிட்டோம்," என்றார் சுகாதாரத் துறைக்காரர். பக்கத்தில் நின்ற காவல்துறைக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அவர்களே பேசி முடித்துக்கொண்டால் ஒருங்கிணைக்க என்ன இருக்கிறது? என்னை நம்பி ஒரு மாடி நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

நான் பொய் சொல்லவில்லை. "உங்க ஆளு மருந்து அடிச்சும் விழுந்து கிடக்கிறவன் போய்ச் சேர்ந்துட்டா, பழி யார் தலையில சார் விழும்?" என்று காவல்துறைக்காரரிடம் கேட்டேன். "மருந்து உங்களுது, பேப்பர்ல போட்டோ மட்டும் அவங்களுதா?" என்று சுகாதாரக்காரரிடம் கேட்டேன். அவ்வளவுதான். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. எங்கள் மீட்டிங் ஹாலுக்கு உயிர் வந்தது. பெட்டிகள் என் கையெழுத்துக்காகக் கிடங்கிலேயே காத்திருந்தன.

அதற்குள் ஊரில் சில பிள்ளைகள் போதையில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவசரக் கூட்டம் போட்டேன். அலட்சியமாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அக்கா மகனுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. "ஏன்டா தம்பி, நாட்டுக்கே நீதான் இதப் பாக்கிறியாம். வீட்டுல ஒருத்தனப் பாக்கக் கூடாதா?" என்றாள் அக்கா.

"நாங்க கொள்கை அளவுல பாக்கிறோம்க்கா."

"அப்படியா? சாப்பாடு போடட்டுமா, இல்ல அதுவும் கொள்கை அளவுல போதுமா?"

நன்றாகப் பேசுவாள்.

பஸ் நிலையத்தில் அவன் விழுந்தபோது ரோந்து வண்டி உடனே போய்விட்டது. மூச்சும் இருந்ததாம். வண்டியில் மருந்துதான் இல்லை. காவலர் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பப் பார்த்திருக்கிறார். பாவம், நல்ல மனிதர்.

ஆமாம், மருந்தை முடக்கி வைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

துக்கம் கேட்க இரண்டு துறைக்காரர்களும் ஒரே காரில் வந்திருந்தார்கள். "எங்க சண்டையெல்லாம் போகட்டும்ணே. பெட்டிய நாளைக்கே அனுப்பிடலாம், சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார் சுகாதாரக்காரர். கண் கலங்கியிருந்தது. அழுதுகொண்டிருந்த அக்காவைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, "திங்கட்கிழமை என் ரூமுக்கு வாங்க, விவாதிப்போம்," என்றேன். ஏனோதானோவென்று முடித்துவிட்டால், அது எங்கள் பையனுக்குச் செய்கிற மரியாதையா, சொல்லுங்கள்?