பாட்டு நிக்கக் கூடாது

— மூணாவதா ஒண்ணு வேற இருக்காக்கா? ரெண்டுக்கே எனக்குத் தலை சுத்துது.

— பொறுமை தம்பி. முதல்ல இருந்து வா. ஓடுற பாட்டுல ஒரு துண்டைப் பிடிக்கணும். அதையே திரும்பத் திரும்ப ஓட விடணும். அதுக்கு ஒரு பெட்டி. அவ்வளவுதானே?

— அவ்வளவுதான். ஆனா அவ்வளவுதான்னு சொல்லவும் முடியல. சித்தப்பா பையன் ஆஃபா, எட்டு பட்டன் பெட்டியை எடுங்கிறான். யூடியூப்ல ஒருத்தன், பதினாறு பட்டன் இல்லாம வாங்காதேங்கிறான். நேத்து பூரா வீடியோ பாத்தேன். முன்னாடி தெரிஞ்சதும் மறந்துபோச்சு.

— கடைக்கு வந்து தொட்டுப் பாத்தா பத்து நிமிஷ வேலை. எங்க இருக்கே?

— தூரமாக்கா. ரொம்ப தூரம்.

— எங்க கார் பார்க்குல ஒரு வெள்ளை வேன் அரை மணி நேரமா நிக்குது. உள்ள ஒரு ஆளு போனைக் காதுல வெச்சுக்கிட்டு தேங்காய்ப்பால் பன் சாப்பிடுறாரு.

— அது வேற யாராவது இருக்கும்க்கா.

— பன் நல்லா இருக்கா?

— நேத்து பன்னுக்கா. காஞ்சுபோச்சு. உள்ள நம்ம சமோவா ஆளுங்க யாராவது இருக்காங்களா?

— இந்த ஒட்டாஹுஹு பேட்டையில கடை வெச்சுட்டு சமோவா ஆளுங்க இல்லாம எப்படி? கிட்டார் பக்கம் ரெண்டு பேரு, பியானோகிட்ட ஒரு பாஸ்டர் குடும்பம்.

— அப்ப நான் வேன்லயே இருக்கேன்.

— யார் கண்ணுல படக்கூடாதுன்னு இருக்கே, செமிசி?

— என் பேரு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே!

— டிஜே செமிசின்னு வேன் மேல என் உயரத்துக்கு எழுதியிருக்கு.

— ஆமால்ல. அதை அழிக்கணும்னு அம்மா தினம் சொல்றாங்க.

— சரி, பெட்டிக்கு வா. முதல் பெட்டி, உன் எட்டு பட்டன். பட்டனை ஒரு தட்டு தட்டினா தாளத்தை அதுவே எண்ணி, நாலு தாளமோ எட்டு தாளமோ வெட்டி எடுத்து ஓட விடும். சுலபம்.

— அதேதான்! அந்தச் சனியன் பிடிச்ச பெட்டிதான்! ஆஃபாகிட்ட இரவல் வாங்கிட்டுப் போனேன். அதாலதான் இன்னைக்கு நான் வேன்ல உக்காந்து காஞ்ச பன்னைத் தின்னுட்டிருக்கேன்.

— என்ன ஆச்சு?

— மாங்கேரே சர்ச் ஹால்ல ஒரு கல்யாணம்க்கா. மார்ச் மாசம். கடைசி ஆட்டம், தௌவலுங்கா. உடம்பெல்லாம் எண்ணெய், தலையில அந்தப் பெரிய கிரீடம், கல்யாணப்பொண்ணு நடுவுல ஆடுது. சுத்தி மாமன் மச்சானெல்லாம் தரையில விழுந்து பொரண்டு கூச்சல் போடுறாங்க. அவ முடிக்கிற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?

— தெரியும். மேல சொல்லு.

— பாட்டோ நாலு நிமிஷம். ஆடுற பொண்ணுக்குப் பணம் போட சொந்தக்காரங்க வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. சரி, ஒரு துண்டைப் பிடிச்சு நீட்டிடலாம்னு பட்டனைத் தட்டினேன். அது சவாயித் தீவுல ஒரு சர்ச் பேண்டு பாடின பழைய பாட்டுக்கா. டிரம் அடிக்கிறவர் சந்தோஷம் வந்தா வேகமா அடிப்பாரு, களைச்சா மெதுவா அடிப்பாரு. பெட்டிக்கு அது எங்க புரியுது? பாடகர் பாதி வார்த்தையில இருக்கிறப்ப வெட்டிடுச்சு. ‘லோ, லோ, லோ, லோ’ன்னு விக்கல் எடுத்த மாதிரி. பயந்துபோய் அதை நிறுத்தப்போனேன். பாட்டையே நிறுத்திட்டேன்.

— ம்.

— முந்நூறு பேரு. ஒரு சத்தம் இல்ல. அந்தப் பொண்ணு தூக்கின கையோட அப்படியே நிக்குது.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? சமையல்கட்டுக் கதவு வழியா ஓடிட்டேன். ஸ்பீக்கரைக்கூட மறுநாள் ஆஃபாதான் போய் எடுத்துட்டு வந்தான். அம்மா சர்ச்சுல எப்பவும் முன் பெஞ்சுல உக்காருவாங்க. இப்ப கடைசிப் பெஞ்சுல உக்கார்றாங்கக்கா. என்னால.

— அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டியா?

— எந்த முகத்தோட கேக்க? பேருகூட ஞாபகம் இல்ல. நம்பர் மாத்திட்டேன். நம்மாளுங்க கடைப்பக்கமே போறதில்ல.

— சரி. இப்ப எதுக்குப் பெட்டி?

— சனிக்கிழமை என் தங்கச்சி லோசாவுக்குக் கல்யாணம். மாமா வேற டிஜேவுக்குச் சொல்லிட்டாரு. இவ முடியவே முடியாதுன்னுட்டா. எங்கண்ணன் பாட்டு போடலைன்னா நான் தௌவலுங்கா ஆடவே மாட்டேங்கிறா. அவளுக்கும் அப்படி ஆயிட்டா நான் செத்தேன். அதான் கேக்கறேன்க்கா, எட்டு பட்டனா, பதினாறா?

— பதினாறுன்னா வீட்டுலயே துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு பட்டனுக்குள்ளயும் போட்டு வெச்சுக்கணும். அங்க போய் கையால தட்டணும்.

— அவசரத்துல தப்பு பட்டனைத் தட்டிட்டா? ஆஃபாதான் வெட்டிப் போட்டுத் தருவான், கூடவே நாய் குரைக்கிறதையும் ஒரு பட்டன்ல போட்டு வெப்பான். லோசா ஆடுறப்ப நாய் குரைச்சா? அப்ப எட்டே எடுக்கவா? எட்டுதான் விக்கல் எடுக்குதே! ஐயோ, எனக்கு ஒண்ணுமே புரியல.

— செமிசி, நீ ஓடினப்புறம் என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?

— சிரிச்சிருப்பாங்க.

— யாரும் சிரிக்கல. மாப்பிள்ளையோட பெரியம்மா மேசையைத் தட்டிப் பாட ஆரம்பிச்சாங்க. உன் பாட்டு நின்ன அதே இடத்துல இருந்து. அப்புறம் ஹால் மொத்தமும் பாடுச்சு. சமையல்கட்டுல இருந்தவங்க பாத்திரத்தைத் தட்டிக்கிட்டே வந்தாங்க. நாலு சுத்து பாடினாங்க. கல்யாண வீடியோவுல அந்த இடத்தைத்தான் அவங்க வீட்டுல திரும்பத் திரும்பப் போடுறாங்க.

— நிஜமாவா? யாரும் என்கிட்டச் சொல்லவே இல்லையே.

— நீதான் நம்பரை மாத்திட்டியே. ஓடினதுக்குத்தான் கோபம். பாட்டு நின்னதுக்கு இல்ல.

— நீங்க வந்திருந்தீங்களா? எந்த மேசை?

— நான் உக்காரவே இல்ல. பேச்சை மாத்தாதே. மூணாவது பெட்டியைக் கேளு. கிட்டார்காரங்க காலால மிதிக்கிறது. இது தாளத்தை எண்ணாது. ஒரு மிதி, பிடிக்க ஆரம்பிக்கும். அடுத்த மிதி, பிடிச்சது ஓடும். எங்க வெட்டணும்னு உன் காதுதான் முடிவு பண்ணும். டிரம்காரர் எப்படி அடிச்சாலும் கவலை இல்ல.

— பட்டன் எத்தனை?

— ஒண்ணே ஒண்ணு.

— ஒண்ணா? அதைத் தப்பா அமுக்க முடியாதே!

— உன்னை நம்ப முடியாது. ஆனாலும் இதைத் தப்பா அமுக்க முடியாதுன்னுதான் நினைக்கிறேன்.

— செருப்புக் காலோட மிதிக்கலாமா?

— வெறுங்காலே நல்லது. ரெண்டு தடவை சட்டுனு மிதிச்சா நின்னுடும்.

— இருங்க, இருங்க. மறுபடி குழம்புது. பிடிச்ச துண்டு தானா நிக்காதுல்ல? விடிய விடிய ஓடுமே. லோசா முடிச்சுட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்? பெட்டியில விளக்கு ஏதாவது எரியுமா?

— விளக்கெல்லாம் பாக்காதே. ஆடுறவ முகத்தைப் பாரு. போதும்னா அவ கண்ணே சொல்லும்.

— அன்னைக்கும் பாத்துட்டுத்தானேக்கா இருந்தேன்.

— பாக்கல தம்பி. குனிஞ்ச தலை நிமிராம அந்தப் பெட்டியையேதான் பாத்துட்டிருந்தே. ஒரு தடவையாவது நிமிருவியான்னு, தூக்கின கையை இறக்காம நான் உன்னையேதான் பாத்துட்டு நின்னேன்.