அழிந்த குறிகள்

செல்களுக்குத் தீனி போடுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தினமும் பழைய கரைசலை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. மனிதர்களைப் போல அவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை.

அக்கா மகளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அவள் தோலில் துளி எடுத்து, அதை ஸ்டெம் செல்லாக மாற்றி, விழித்திரைக்கு ஒட்டு வளர்ப்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"சித்தி, என் கண்ணு எவ்ளோ வளந்திருக்கு?"

"கடுகளவு."

"நேத்தும் கடுகுதான சொன்ன? அதுக்குத் தீனி போடுறியா, நீயே தின்னுடுறியா?"

டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் என்ற சிறு குறிகள் உண்டு. எந்த மரபணு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. செல் பிரியும்போதெல்லாம் ஒரு நொதி அவற்றைப் பார்த்துப் பார்த்துப் புது இழையில் எழுதும். செல்களை இளமையாக வைத்திருக்கும் கரைசல் ஒன்று இருக்கிறது. அதில் அந்த நொதியின் கை தளர்ந்துவிடும். அதனால் கொஞ்ச நாள்தான் வைக்கலாம். நான் கூடுதலாக வைத்தேன். அதில் அவை உருண்டு திரண்டு அவ்வளவு அழகாக இருந்தன.

பிறகு தனியாகச் சோதித்துப் பார்த்தேன். வளர்ச்சியை அடக்கிவைக்கும் குறிகள் அழிந்திருந்தன. அவை திரும்ப வராது. தட்டுகளைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. நான் கொட்டவில்லை. கூடத்தின் சோதனைக்கு, முன்பே உறைய வைத்திருந்த குப்பியிலிருந்து எடுத்து அனுப்பினேன். அவையும் அவளுடைய செல்கள்தாம். முடிவு நன்றாக வந்தது. ஒட்டு மட்டும் என் தட்டிலிருந்து போனது.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என் மூக்கிலிருந்த மச்சத்தைக் கண்டுபிடித்து, "இது எப்ப வந்துச்சு?" என்று சிரித்தாள். அப்புறம் கண்ணுக்குப் பின்னால் கட்டி வளர்ந்தது. அங்கிருந்து மூளைக்குப் போனது. கடைசியில் ஒருநாள், பட்டப்பகலில், "வெளக்கப் போடேன் சித்தி" என்றாள். எழுந்துபோய்ப் போட்டேன்.

நல்ல குப்பியிலிருந்தே மறுபடி வளர்த்திருக்கலாமே என்கிறீர்கள். வளர்த்திருக்கலாம். அதுவரை பார்வை தாங்கும் என்று கண் மருத்துவரும் சொல்லியிருந்தார். ஆனால் ஏன் தாமதம் என்று அக்கா கேட்பாள். "எங்க குடும்பத்துலயே கைராசிக்காரி இவதான்" என்று அவள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள்.

அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் செய்தேன்.