பிடுங்கிய பிறகும் கத்தும் பெட்டி

லெயோன்: ப்ளக்கைப் பிடுங்கிட்டேன்க்கா. சுவிட்சையும் அணைச்சிட்டேன். இன்னும் கீச்சு கீச்சுன்னு கத்துது. கரண்டே இல்லாத யூபிஎஸ் எப்படிக்கா கத்தும்?

ஜூலியேத்: கரண்டு சுவத்துல மட்டுமா இருக்கு? உள்ள பேட்டரி இருக்கேடா. நீ சுவிட்சை அணைச்சாலும், உள்ள பூந்த தண்ணி சுவிட்சோட ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பிடிச்சிக்கிட்டிருக்கும். எங்க நிக்கிற?

லெயோன்: கட்டில் மேல. வெள்ளம் வடிஞ்சிடுச்சு. தரைதான் நசநசன்னு...

ஜூலியேத்: அம்மா?

லெயோன்: பக்கத்துலதான். சின்ன சிலிண்டர்ல மூச்சு ஓடுது. அதோட அளவு முள்ளு சிவப்புக்கிட்ட வந்துடுச்சுக்கா. தெருவுல கரண்டு எப்ப வருமோ... இந்தப் பெட்டி ஓடினாத்தான் ஆக்சிஜன் மெஷின் ஓடும். துடைச்சுக் காயவச்சா?

ஜூலியேத்: காஞ்சா தண்ணிதான் போகும். ஆத்துத் தண்ணியில வந்த உப்பும் சேறும் உள்ளேயே படிஞ்சிக்கும். கரண்டு அது வழியா குறுக்கால பாயும். தீப்பிடிக்கும். பக்கத்துல ஆக்சிஜன் வேற...

லெயோன்: பயமுறுத்தாதக்கா!

ஜூலியேத்: பயப்படுடா, நல்லது. மூடியத் திறந்தியா?

லெயோன்: இல்ல.

ஜூலியேத்: ஏதோ உருண்டுச்சே?

லெயோன்: ...ஒரே ஒரு திருகாணி.

ஜூலியேத்: ஸ்க்ரூடிரைவரக் கீழ போடு! உள்ள கப்பாசிட்டர் இருக்கு. கரண்டப் பதுக்கி வச்சிருக்கும். பேட்டரியக் கழட்டினாலும் கடிக்கும்.

லெயோன்: பாத்திரம் கழுவுற ரப்பர் கையுறை போட்டிருக்கேன்...

ஜூலியேத்: ஆகா, பெரிய இன்ஜினியரு!

லெயோன்: நீ எப்பதான் வருவ?

ஜூலியேத்: பஸ்சுல ஏறிட்டேன்.

லெயோன்: அக்கா... அம்மா உதடு ஒரு மாதிரி வெளுக்குது...

ஜூலியேத்: இரு. அது என்ன, மேல குர்ருன்னு?

லெயோன்: மேல் வீட்டு நபீசாம்மா ஜெனரேட்டர். மொட்டை மாடியில.

ஜூலியேத்: அடப்பாவி! அப்ப ஓடேன்!

லெயோன்: அவங்களோட பேச்சுவார்த்தை இல்ல.

ஜூலியேத்: ஏன்?

லெயோன்: சும்மாதான்...

ஜூலியேத்: இருடா, ஒரு நிமிஷம்.

லெயோன்: அக்கா? லைன்ல இருக்கியா?

ஜூலியேத்: சும்மா இல்ல. ஜெனரேட்டர் சத்தம்னு வார்டு ஆபீஸ்ல புகார் சொன்னது நீதான்னு அவங்களுக்கு எப்பவோ தெரியும். நானும் பொய்தான் சொன்னேன். பஸ்சே ஓடல, இங்க பின் யுவோங் ஊர்லயே மாட்டிக்கிட்டேன். இப்பதான் அவங்களுக்கு மெசேஜ் போட்டேன். மகனுங்க ரெண்டு பேரும் படி இறங்கி வர்றாங்க. பெட்டியத் தொடாத, அங்கயே கிடக்கட்டும். அம்மாவ சிலிண்டரோட மேல தூக்கிட்டுப் போங்க. தண்ணி படாத ஆக்சிஜன் மெஷினையும் எடுத்துக்க. அவங்க வீட்டு பாயிண்ட்ல சொருகு. ஓடும்.