லிஃப்ட் பக்கத்தில் எடுத்த அளவுகள்

பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படிக்கிறவர்கள் இந்தக் காலத்தில் குறைந்துவிட்டார்கள். நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பேன். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதையும் விடமாட்டேன். விசாரணைக் குழுவில் இருக்கிற நீங்கள் மூன்று பேரும், நான் ஏதோ வயிற்றெரிச்சலில் கிறுக்கித் தள்ளியதாக நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அந்தப் பெண் என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே, ஆய்வுக்கூடத்தில் பின்னிக் கிடந்த வயர்களைப் பிரித்து ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினாள். பிறகு என் வகுப்புப் பாடங்களைத் தயார் செய்தாள். நான் பேசவேண்டிய உரைகளை எழுதிக் கொடுத்தாள். மூன்றே வருடத்தில் எந்த வயர் எங்கே போகிறது என்பதே எனக்கு மறந்துபோனது. மறந்தால் என்ன, அவள்தான் இருக்கிறாளே என்று இருந்துவிட்டேன்.

இணைப்பு அறுந்தால் தகவல் தானாக வேறு வழி தேடிப் போக வேண்டும். அதற்கு அவள் ஒரு முறை கண்டுபிடித்தாள். நல்ல முறை. அது எனக்குத் தோன்றியிருக்காது. வருடம் ஒரு தடவை நடக்கும் அந்த இணையத் தொழில்நுட்ப மாநாட்டில் அது ஏற்கப்பட்டுவிட்டால் அவளுக்குப் பட்டம். ஏழு வருடத்துக்குள் ஏற்கப்படாவிட்டால் பதிவு ரத்து. விதி அவ்வளவுதான்.

அவள் முதல் கட்டுரையை முடித்த வாரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அந்தப் பொண்ணு முடிச்சிட்டுப் போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க மூக்குக்கண்ணாடிய யாரு தேடித் தருவா?" என்றாள் மனைவி. கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணிடம், "உன் பேரை மட்டும் போடும்மா. உன் உழைப்பு, எனக்கு எதுக்கு அதுல பங்கு?" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தப் பேராசிரியர் அப்படிச் சொல்வார்?

"அனுப்புற வேலையையும் நானே பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு" என்றேன்.

மாநாட்டின் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. உறவினர், வழிகாட்டி, கூட வேலை செய்பவர் என்று யாரெல்லாம் இந்தக் கட்டுரையை மதிப்பிடக் கூடாதோ அவர்கள் பெயரை அதில் எழுத வேண்டும். அதைக் காலியாக விட்டேன். மதிப்பீட்டாளர் பட்டியலில் என் பெயர், நான் முன்பு வேலை பார்த்த இடத்தின் பெயரோடு இருந்தது. அதை மாற்றச் சோம்பல். அதனால் நாங்கள் இருவரும் ஒரே இடம் என்று மாநாட்டுக்குத் தெரியவில்லை. மதிப்பிட விரும்பும் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவளுடையதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கட்டுரைக்கு மூன்று பேர். யார் என்பது எழுதியவருக்குத் தெரியாது.

முதல் தடவை நான் எழுதியது நியாயமான மறுப்பு. சோதனைகள் போதவில்லை என்றேன். கடிதம் வந்ததும் அவள் என் அறையில் உட்கார்ந்து அழுதாள். காபி வாங்கிக் கொடுத்தேன். "எவனோ ஈவு இரக்கமில்லாதவன்மா. மனசுல வச்சுக்காத. இன்னும் ஒரே ஒரு வருஷம்தான்" என்றேன்.

"நீங்க இல்லன்னா நான் என்னைக்கோ விட்டுட்டுப் போயிருப்பேன் சார்" என்றாள்.

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த வருடம் அவள் சோதனைகளைக் கூட்டினாள். நீளம் அதிகம் என்று எழுதினேன். அதற்கடுத்த வருடம் சுருக்கினாள். விளக்கம் குறைவு என்று எழுதினேன். ஒவ்வொரு மறுப்புக்கும் மூன்று பக்கம் எழுதினேன். மற்ற மதிப்பீட்டாளர்கள் நாலு வரியோடு தப்பித்துக்கொள்வார்கள். அவள் எழுத்தை என்னைப்போல் ஊன்றிப் படித்தவர் எவருமில்லை. அவள் தங்கைக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தது. அவள் போய்ப் பார்க்கவில்லை. திருத்த வேலை இருந்தது.

அவள் சேர்ந்த ஏழாம் வருடம், கடைசி வாய்ப்பு. மற்ற இருவரும் ஏற்கலாம் என்று எழுதிவிட்டார்கள். நான் மட்டும் மறுத்தால் எடுபடாது என்று பட்டது. அதனால் முடிவுகளே சந்தேகத்துக்குரியவை என்று எழுதினேன். லிஃப்ட் பக்கத்தில் எடுத்த அளவுகளை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். கட்டுரை விழுந்தது.

அந்தக் கடிதத்தோடு வந்தவள் அழவில்லை. கதவருகிலேயே நின்றாள்.

"சார், லிஃப்ட் விஷயம் பேப்பர்லயே இல்ல."

"அப்படியா?"

"மழைத் தண்ணி ஒழுகுச்சுன்னு மெஷினை லிஃப்ட் பக்கத்துல நகர்த்தி வச்சோம். அந்த அளவுகளைச் சேர்க்க வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்க. அது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

"உக்காரும்மா. தண்ணி குடி."

உட்காரவில்லை. "நாலு தடவையும் நீங்கதானா சார்?" என்று கேட்டாள். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அது மேஜை மேலேயே இருந்ததாம். எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் பிறகுதான் மாநாட்டுக்கு எழுதியிருக்கிறாள். அவர்கள் உங்களுக்கு எழுதினார்கள்.

ஆமாம், நாலு தடவையும் நான்தான். அவள் கட்டுரையில் குறை இருந்ததால் அல்ல, அவள் போய்விடக் கூடாது என்பதால். இதற்கு மேல் எதை ஒப்புக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு மறுப்புக்கும் கட்டுரை மெருகேறியது உண்மைதானே.

நீங்கள் அனுப்பிய படிவம் முன்னால் இருக்கிறது. கட்டுரை தரமானது என்று வழிகாட்டியாக நான் கையெழுத்துப் போட்டால், ரத்தான பதிவைப் புதுப்பித்துப் பட்டம் கொடுக்கலாம் என்கிறீர்கள். தாராளமாகப் போடுகிறேன். எனக்கு என்ன விரோதமா?

கட்டுரையை நேற்று மறுபடியும் முழுதாகப் படித்தேன். முடிவுரையில் இரண்டாம் பத்தி மட்டும் கொஞ்சம் அவசரத்தில் எழுதியதுபோல் இருக்கிறது. அதைச் சரிசெய்து அவளையே நேரில் எடுத்துவரச் சொல்லுங்கள். அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலி அதே இடத்திலேயே இருக்கிறது. பெரிய வேலை ஒன்றுமில்லை. இன்னும் ஒரே ஒரு வருடம் போதும்.